ஏமாற்றம் தந்தாலும் ஏன் விலகுவதில்லை? பிரிட்டனின் தொழிற்கட்சியை முன்வைத்து ஓர் அறிமுகம்

பிரிட்டனில் 2024 ஜூலை 4 அன்று நடந்த பொதுத்தேர்தலில் கீர் ஸ்டார்மர் தலைமையிலான தொழிற்கட்சி, 650 இடங்களில் 411 இடங்களைப் பிடித்துப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஆட்சிக்கு வந்தது. வெற்றி பெற்ற கட்சியில் ஆள் சேர்வதுதான் எங்கும் வழக்கம். இங்கே அதற்கு நேர்மாறாக நடந்தது. 2023 இறுதியில் சுமார் 3,70,000 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை, ஆட்சியைப் பிடித்த அந்த ஆண்டின் இறுதியில் சுமார் 3,33,000 ஆகக் குறைந்தது. விலகியவர்களின் மனநிலையைப் புரிந்துகொள்வது கடினமல்ல. எதிர்பார்த்தது நடக்கவில்லை, போய்விட்டார்கள். கடினமான கேள்வி மற்றவர்களைப் பற்றியது. தங்கியவர்கள் எல்லோரும் திருப்தியோடு தங்கவில்லை. அரசின் முடிவுகளைக் கிளைக் கூட்டத்தில் கடுமையாகக் கண்டித்துவிட்டு, அடுத்த வார இறுதியில் அதே கட்சியின் துண்டறிக்கையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் அவர்களுள் ஏராளம். அவர்கள் ஏன் தங்குகிறார்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதற்கு இரண்டு விடைகளை உடனே சொல்வார்கள். ஒன்று, அவர்கள் கண்மூடித்தனமான விசுவாசிகள். மற்றொன்று, அவர்கள் பதவிக்காகக் காத்திருப்பவர்கள். இரண்டு வகையினரும் எல்லாக் கட்சிகளிலும் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், எந்தப் பதவிக்கும் போட்டியிடாத, தலைமையின் குறைகளை எவரையும்விட நுணுக்கமாக அறிந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரோ செவிலியரோ முப்பது ஆண்டுகளாகச் சந்தா கட்டிவருவதை இந்த இரண்டு விடைகளும் விளக்குவதில்லை.

முதலில், உறுப்பினர் என்றால் யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் கட்சிகள் தம் உறுப்பினர் எண்ணிக்கையைக் கோடிக் கணக்கில் அறிவிக்கும். அந்த உறுப்பினருக்குத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் நடைமுறையில் ஒரு பங்கும் இராது. பிரிட்டனின் தொழிற்கட்சியில் உறுப்பினர் என்பவர் மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் தன் பணத்திலிருந்து சந்தா செலுத்துபவர். தன் தொகுதியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்குப் பங்கு உண்டு. கட்சித் தலைவரையும் துணைத் தலைவரையும் தேர்ந்தெடுக்கும் வாக்குச்சீட்டும் அவர் வீடு தேடி வரும். கட்சி ஆட்சியில் இருக்கும்போது தலைவர் பதவி போட்டிக்கு வந்தால், நாட்டின் அடுத்த பிரதமர் யார் என்பதையே அந்தச் சில லட்சம் பேரும், கட்சியோடு இணைந்த தொழிற்சங்கங்களின் ஆதரவாளர்களும் தீர்மானிக்கிறார்கள். விலகுபவர் கையிலிருந்து விடுவது இந்த உரிமையை.

அடுத்ததாக, இத்தகைய கட்சி ஆட்சிக்கு வந்தால் ஏமாற்றம் ஏன் ஏறத்தாழ நிச்சயம் என்பதையும் பார்க்க வேண்டும். மைய இடதுசாரிக் கட்சி என்று நாம் சொல்வது, சந்தைப் பொருளாதாரத்தை ஒழிக்க முற்படாமல், அதன் விளைவுகளை வரிகளாலும் பொதுச் சேவைகளாலும் தொழிலாளர் சட்டங்களாலும் திருத்த முயலும் கட்சியை. அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் அதன் வாக்காளர்களைவிடச் சற்று இடப்பக்கம் நிற்பவர்கள். தேர்தலில் வெல்ல வேண்டுமானால், கட்சியின் மீது பற்றில்லாத நடுநிலை வாக்காளரை ஈர்க்க வேண்டும். வென்ற பிறகு, அரசுக்குக் கடன் கொடுக்கும் பத்திரச் சந்தையைக் கலவரப்படுத்தாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டு கட்டாயங்களுக்கும் நடுவில் முதலில் கைவிடப்படுவது, உறுப்பினருக்கு மிகப் பிரியமான வாக்குறுதியாகவே இருக்கும்.

இது ஸ்டார்மரோடு தொடங்கிய கதை அன்று. அனைவருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதாரச் சேவையை 1948இல் நிறுவிய அனைரின் பெவன், மூன்றே ஆண்டுகளில், அதாவது 1951இல், பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்கத் தன் சொந்த அரசே முடிவெடுத்ததைக் கண்டித்து அமைச்சர் பதவியைத் துறந்தார். ஹரால்ட் வில்சனின் அரசு மருந்துச்சீட்டுக் கட்டணத்தை 1965இல் நீக்கிவிட்டு 1968இல் மீண்டும் கொண்டுவந்தது. டோனி பிளேர் 1998இல் பல்கலைக்கழகக் கல்விக் கட்டணத்தைப் புகுத்தினார். 2003இல் ஈராக் போருக்கு நாட்டை இட்டுச் சென்றார். ஸ்டார்மர் 2020இல் கட்சித் தலைவர் தேர்தலில் நின்றபோது, ரயில், அஞ்சல், மின்சாரம், குடிநீர் ஆகியவற்றைப் பொது உடைமையாக்குவது, கல்விக் கட்டணத்தை ஒழிப்பது உள்ளிட்ட பத்து உறுதிமொழிகளைத் தந்தார். அவற்றுள் பல, அவர் பிரதமர் ஆவதற்கு முன்பே கைவிடப்பட்டன. தொழிற்கட்சியின் நீண்டகால உறுப்பினர் ஒருவருக்கு ஏமாற்றம் புதிதன்று. ஒவ்வொரு தலைமுறைக்கும் அதற்கென்று ஓர் ஆண்டு இருக்கிறது.

இத்தகைய நிலையில் ஒரு மனிதர் என்ன செய்வார் என்பதைச் சிந்திக்க உதவும் எளிய சட்டகம் ஒன்றை ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் முன்வைத்தார். பெர்லினில் 1915இல் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டில் ஜெர்மனியை விட்டு வெளியேறிய பொருளியலாளர் அவர். நாம் சார்ந்திருக்கும் ஒரு நிறுவனத்தின் தரம் சரியும்போது நமக்கு முன் இரண்டு வழிகள் உள்ளன என்றார். ஒன்று வெளியேற்றம், மற்றொன்று குரல், அதாவது உள்ளேயே இருந்து முறையிடுவது, எதிர்ப்பது, மாற்ற முயல்வது. இந்த இரண்டில் எதைத் தேர்கிறோம் என்பதைப் பாதிக்கும் மூன்றாவது காரணியைப் பற்று என்று அழைத்தார். பற்று வெளியேற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதத்தில் குரலுக்கு நேரம் கிடைக்கிறது.

இந்த எண்ணம் அவருக்கு நைஜீரியாவின் ரயில்வேயைக் கவனித்தபோது உருவானது என்பது சுவையான செய்தி. நாட்டின் வடக்கில் விளைந்த நிலக்கடலையைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதில் அரசு ரயில்வேக்கு லாரிகள் கடும் போட்டியாக இருந்தன. போட்டி இருந்தால் ரயில்வே திருந்தும் என்றுதான் பொருளியல் பாடம் சொல்லும். ஆனால் அது திருந்தவில்லை. காரணம், சேவையின் சீர்கேட்டை அதிகம் உணர்ந்து, அதிகம் சத்தம் போடக்கூடிய வாடிக்கையாளர்கள்தாம் முதலில் லாரிக்கு மாறிப் போனார்கள். எஞ்சியவர்களிடம் வலுவான குரல் இல்லை. அரசின் பணம் வந்துகொண்டிருந்ததால் ரயில்வேக்கு வருமான இழப்பும் உறைக்கவில்லை. கட்சிக்கு இது அப்படியே பொருந்தும். தலைமையின் போக்கை மிகக் கூர்மையாக எதிர்ப்பவர்களே முதலில் விலகினால், தலைமைக்கு அது தண்டனையாகாது; பல வேளைகளில் நிம்மதியாகவே இருக்கும். கட்சிக்குள் தங்கும் அதிருப்தியாளர்கள் இதை எந்தப் பொருளியல் நூலிலும் படித்திருக்கத் தேவையில்லை. தாம் விலகினால் மகிழப்போவது யார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கட்சியைக் கடையோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரியும். சோப்பு பிடிக்கவில்லை என்றால் வேறு சோப்பு வாங்கலாம். பழைய சோப்பின் தரம் அதன்பின் நம்மைப் பாதிக்காது. ஆளுங்கட்சியை விட்டு விலகியவர் மறுநாளும் அதே அரசின் கீழேயே வாழ்கிறார். அவர் தாயின் ஓய்வூதியமும், அவர் காத்திருக்கும் மருத்துவமனையின் வரிசையும் அதே அமைச்சர்களின் முடிவுகளைப் பொறுத்தே இருக்கின்றன. பொது விவகாரங்களிலிருந்து முழு வெளியேற்றம் என்பதே இல்லை என்று ஹிர்ஷ்மனும் சுட்டிக்காட்டினார். விலகுவதால் முடிவுகளிலிருந்து தப்பிக்க முடியாது. முடிவுகளைப் பற்றிப் பேசும் இடத்தை மட்டும் இழக்கலாம்.

சரி, வேறு கட்சி தொடங்கலாமே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் பிரிட்டனின் தேர்தல் முறை குறுக்கிடுகிறது. இந்தியாவில் உள்ளதைப் போலவே அங்கும் ஒரு தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவரே வெல்கிறார். இரண்டாமிடத்துக்கு எதுவும் இல்லை. தொழிற்கட்சியின் முன்னாள் அமைச்சர்களான ராய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், ஷெர்லி வில்லியம்ஸ், பில் ராட்ஜர்ஸ் ஆகிய நால்வர், கட்சி மிகையாக இடப்பக்கம் போய்விட்டது என்று கூறி 1981இல் சமூக ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். லிபரல் கட்சியோடு கூட்டுச் சேர்ந்து 1983 தேர்தலைச் சந்தித்தார்கள். அதில் தொழிற்கட்சி 27.6 விழுக்காடு வாக்கு பெற்றது, கூட்டணி 25.4 விழுக்காடு பெற்றது. ஆனால் தொழிற்கட்சிக்குக் கிடைத்த இடங்கள் 209, கூட்டணிக்கு 23. பழமைவாதக் கட்சியின் மார்கரெட் தாட்சர் மிகப் பெரிய பெரும்பான்மையோடு மீண்டும் பிரதமரானார். புதிய கட்சியின் பெரும்பகுதி 1988இல் லிபரல் கட்சியோடு கலந்துவிட்டது. தொழிற்கட்சியின் வலச்சார்பு உறுப்பினர்களுக்கு இதுவே பாடமாயிற்று. 2019 பிப்ரவரியில் அக்கட்சியின் எம்.பி.க்கள் எழுவர் மீண்டும் அதே பாதையில் விலகிச் சுயேச்சைக் குழு ஒன்றை அமைத்தபோது மற்றவர்கள் பின்தொடரத் தயங்கியதற்கும் இந்த நினைவு ஒரு காரணம். அந்த எழுவரில் ஒருவரும் அவ்வாண்டு டிசம்பர் தேர்தலில் நாடாளுமன்றத்துக்குத் திரும்பவில்லை.

இடப்பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பழைய நினைவு ஒன்று உண்டு. தொழிற்கட்சிப் பிரதமரான ராம்சே மெக்டொனால்ட் 1931இல் பொருளாதார நெருக்கடியின்போது தன் கட்சியை உதறிவிட்டுப் பழமைவாதிகளோடு சேர்ந்து தேசிய அரசை அமைத்தார். 1929இல் 287 இடங்கள் பெற்ற தொழிற்கட்சி, 1931 தேர்தலில் 52 இடங்களுக்குச் சரிந்தது. கட்சியின் போக்கால் வெறுப்புற்ற சுதந்திரத் தொழிற்கட்சி, அதுவரை தொழிற்கட்சியின் ஓர் அங்கமாக இயங்கி வந்தது. அது 1932இல் உறவை முறித்துக்கொண்டு வெளியேறியது. இளம் சோஷலிஸ்டான ஜென்னி லீ அதனோடு போனார். அவரை 1934இல் மணந்த பெவன் போகவில்லை. ஒரே வீட்டில், ஒரே கொள்கையுடைய இருவர், ஒரே ஏமாற்றத்துக்கு இரு வேறு விடைகளைத் தந்தார்கள். வெளியேறிய கட்சியின் உறுப்பினர்கள் மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கினார்கள். உள்ளே தங்கிய பெவன், 1945இல் கிளமென்ட் அட்லி அமைத்த அரசில் சுகாதார அமைச்சரானார். ஜென்னி லீயும் அந்தத் தேர்தலில் தொழிற்கட்சி வேட்பாளராகவே வென்று திரும்பினார். பின்னாளில் வில்சனின் அரசில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவாக முதன்மைக் காரணமாக இருந்தவர் அவர்தான்.

இந்தக் கதையைச் சொல்லி முடிக்கும் கட்சிக்காரர்கள், ‘ஆகவே தங்குவதே சரி’ என்று தீர்ப்பளித்துவிடுவார்கள். நான் அவ்வளவு தூரம் போகத் தயாரில்லை. 1932இல் உள்ளே தங்கிய ஒவ்வொருவருக்கும் 1945 கிடைக்குமென்று எந்த உறுதியும் இருக்கவில்லை. நடுவில் ஓர் உலகப்போர் வேண்டியிருந்தது. ஆனால் கதையின் உண்மை வேறு, அது செய்யும் வேலை வேறு. கிளைக் கூட்டங்களில் மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லும் இத்தகைய கதைகள், இன்றைய ஏமாற்றத்தை ஒரு நீண்ட காலத்தின் நடுவில் வைத்துக் காட்டுகின்றன. பற்று என்பதில் பெரும்பங்கு இந்தக் கால அளவுகோல்தான். ஓர் அரசின் ஆயுள் ஐந்து ஆண்டு. கட்சியின் வயதோ, 1900இல் அது உருவானதிலிருந்து எண்ணினால், ஒன்றேகால் நூற்றாண்டு.

அண்மைக் காலத்தில் அந்த அளவுகோலுக்கு வலுச் சேர்த்த நிகழ்வு 2015இல் நடந்தது. இடதுசாரி எம்.பி.யான ஜெரமி கோர்பின், தொழிற்கட்சிப் பிரதமர்களான பிளேர், கார்டன் பிரவுன் இருவரின் அரசுகளின்போது கொறடா உத்தரவை மீறி நூற்றுக்கணக்கான முறை வாக்களித்தவர். ஈராக் போரை எதிர்த்தவர். ஆனாலும் கட்சியை விட்டுப் போகவில்லை. அவரைத் தலைவர் பதவிக்கு யாரும் பொருட்படுத்தியிராத நிலையில், உறுப்பினர்களும் மூன்று பவுண்டு கட்டிப் பதிவுசெய்த ஆதரவாளர்களும் 59.5 விழுக்காடு வாக்களித்து அவரைத் தலைவராக்கினார்கள். அடுத்த ஆண்டே அவருடைய எம்.பி.க்கள் 172 பேர் அவர்மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தனர். ஆதரித்தவர்கள் 40 பேர்தான். உறுப்பினர்களோ அவரை 61.8 விழுக்காட்டோடு மீண்டும் தேர்ந்தெடுத்தனர். ஈராக் போருக்குப் பிறகு விலகிய பலர் இந்தக் காலத்தில் திரும்பி வந்தார்கள். 1997இல் நான்கு லட்சத்தைத் தொட்டு, 2005இல் ஏறத்தாழ இரண்டு லட்சமாகத் தேய்ந்திருந்த உறுப்பினர் தொகை, 2017 இறுதியில் 5,60,000ஐத் தாண்டியது. கோர்பினை வெறுத்த உறுப்பினர்களும் இதே தர்க்கத்தைப் பின்பற்றித் தங்கினார்கள். அவர்களுடைய முறை 2020இல் வந்தது, ஸ்டார்மர் 56.2 விழுக்காட்டோடு தலைவரானார். இரு தரப்பினரிடமும் ‘பொறுத்திருந்தோம், கட்சி எங்கள் பக்கம் திரும்பியது’ என்று சொல்ல ஒரு சான்று இருக்கிறது. தோற்ற தரப்பு வெளியேறாமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பதற்கு இதைவிடச் சிறந்த ஊக்கம் தேவையில்லை.

அரசு செய்தவற்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1999இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தை இன்றும் உறுப்பினர்கள் நன்றியோடு குறிப்பிடுவார்கள். ஸ்டார்மரின் அரசு பயணிகள் ரயில் சேவைகளைப் பொது உடைமைக்குக் கொண்டுவரும் சட்டத்தை 2024இலும், வாடகைதாரர் உரிமைச் சட்டத்தையும் தொழிலாளர் உரிமைச் சட்டத்தையும் 2025இலும் நிறைவேற்றியது. தங்கும் உறுப்பினர் இவற்றையும் கணக்கில் எழுதுகிறார். எதிரே இருப்பவர்கள் யார் என்பதையும் எழுதுகிறார். நைஜல் ஃபராஜின் வலதுசாரி ரிஃபார்ம் கட்சி 2025 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் 670க்கும் மேற்பட்ட இடங்களை வென்ற பிறகு, அந்தப் பயமே பலருக்குச் சந்தாவைத் தொடரப் போதுமான காரணமாயிற்று.

இவை எல்லாம் அரசியல் கணக்குகள். கட்சி வாழ்க்கையின் பெரும்பகுதி இவ்வளவு உயரத்தில் நடப்பதில்லை. ஒரு வட்டாரக் கிளையில் முறையாகக் கூட்டத்துக்கு வருபவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். சனிக்கிழமை காலையில் மழையில் நின்று கதவுகளைத் தட்டி வாக்காளர் விவரம் சேகரித்தவர்களும், ஒருவர் வீட்டு இழவுக்கு மற்றவர் போய் நின்றவர்களும் அவர்கள்தாம். அவர்கள் உழைத்து வெல்ல வைத்த உள்ளாட்சி உறுப்பினர், அவர்களுக்கு நன்கு அறிமுகமானவர். நூலகத்தை மூடாமல் காக்கப் போராடுபவர். பிரதமர் தவறு செய்தார் என்பதற்காக அவரைத் தண்டிப்பது நியாயமாகத் தோன்றுவதில்லை. கட்சி விதியும் இதில் கண்டிப்பானது. வேறு கட்சி வேட்பாளரை வெளிப்படையாக ஆதரித்தால் உறுப்புரிமை போய்விடும். ஆகவே, பாதி வெளியேற்றம் என்ற சமரசத்துக்கு அங்கே இடமில்லை.

ஒரே ஏமாற்றத்தை எதிர்கொண்டவர்கள் எப்படிப் பிரிகிறார்கள் என்பதற்கு 2024 ஜூலையில் நடந்த ஒரு வாக்கெடுப்பு நல்ல சான்று. ஒரு குடும்பத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு மேல் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு நலத்தொகை இல்லை என்ற விதி, பழமைவாதிகள் ஆட்சியில் 2017இல் நடைமுறைக்கு வந்தது. புதிய அரசு அதை நீக்க மறுத்தது. நீக்கக் கோரும் திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்த எழுவர் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களுள் ஸாரா சுல்தானா 2025 ஜூலையில் கட்சியை விட்டே விலகி, புதிய இடதுசாரிக் கட்சி ஒன்றைத் தொடங்கக் கோர்பினோடு கை கோத்தார். எழுவரில் மற்றொருவரான ஜான் மெக்டொனல் விலகவில்லை. ஓராண்டுக்கும் மேல் வெளியே நிறுத்தப்பட்டிருந்து 2025 செப்டம்பரில் மீண்டும் சேர்க்கப்பட்டார். அவ்வாண்டு நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அரசு அந்த இரு குழந்தை விதியை 2026 ஏப்ரல் முதல் நீக்குவதாக அறிவித்தது. எழுவரைத் தண்டித்த அரசு, பதினாறு மாதங்களில் அவர்கள் கேட்டதையே செய்தது.

அப்படியானால் குரல் வென்றது என்று சொல்லலாமா? இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். குளிர்கால எரிபொருள் உதவித்தொகை விவகாரத்தைப் பாருங்கள். முதியோர் வீட்டைச் சூடாக்குவதற்கு ஆண்டுக்கு 200 அல்லது 300 பவுண்டு தரும் இந்த உதவியைத் தொடங்கியதே 1997இல் வந்த தொழிற்கட்சி அரசுதான். நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், ஆட்சிக்கு வந்த அதே மாதத்தில், மிக ஏழைகளைத் தவிர மற்ற ஓய்வூதியர்களுக்கு அதை நிறுத்தினார். சுமார் ஒரு கோடிப் பேர் அதை இழந்தனர். செப்டம்பரில் லிவர்பூலில் நடந்த கட்சி மாநாடு, தொழிற்சங்கங்கள் கொண்டுவந்த கண்டனத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அரசு அசையவில்லை. 2025 மே 1 அன்று உள்ளாட்சித் தேர்தலில் பெருந்தோல்வி. அன்றே ரன்கார்ன் அண்ட் ஹெல்ஸ்பி இடைத்தேர்தலில் ரிஃபார்ம் கட்சியிடம் ஆறே ஆறு வாக்குகளில் தோல்வி. ஜூன் மாதம், ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ள ஓய்வூதியர்களுக்கு உதவித்தொகை திரும்பக் கிடைக்கும் என்று அரசு அறிவித்தது.

உறுப்பினர்கள் செப்டம்பரிலேயே சொன்னதைத்தான் அரசு ஜூனில் ஏற்றது; ஏற்க வைத்தது வாக்காளர்களின் வெளியேற்றம். உள்ளே இருப்பவரின் குரலுக்கு எடையைத் தருவது வெளியே போகக்கூடியவர்களைப் பற்றிய அச்சமே என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது. தங்கிய உறுப்பினர், தன்னைப் போல் தங்காத அயலாரைக் குறை சொல்வது வழக்கம். உண்மையில் அவருடைய பேச்சு காதில் விழுந்ததற்கு அந்த அயலாருக்கே அவர் நன்றி சொல்ல வேண்டும். தலைமையிடம் பணிந்து போகும் பற்று, ஹிர்ஷ்மன் சொன்ன பற்று அன்று. போய்விடுவேன் என்ற சாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் போகாமல் இருப்பதே அவர் கருதியது. யுனைட் தொழிற்சங்கம் 2025 ஜூலை மாநாட்டில், தொழிற்கட்சியோடு தனக்குள்ள உறவை மறுபரிசீலனை செய்ய வாக்களித்தபோது கையாண்டது இந்த முறையைத்தான்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய மற்றொரு செய்தி, தங்கியிருப்பது ஆதரவுக்கு அடையாளம் அன்று என்பது. துணைத் தலைவர் ஏஞ்சலா ரேய்னர் 2025 செப்டம்பரில் பதவி விலகியதால் அந்த இடத்துக்குத் தேர்தல் நடந்தது. அமைச்சரவையிலிருந்து அப்போதுதான் நீக்கப்பட்டிருந்த லூசி பவல், அமைச்சராக நீடித்த பிரிஜெட் பிலிப்சனை வென்றார். தலைமைக்கு உறுப்பினர்கள் தந்த மெல்லிய எச்சரிக்கை என்று இதைப் படிக்கலாம். ஆனால் அதைவிடக் கூர்மையான செய்தி, வாக்குரிமை பெற்ற உறுப்பினர்கள், இணைந்த தொழிற்சங்கங்களின் ஆதரவாளர்கள் எல்லோரையும் சேர்த்து வாக்களித்தவர்கள் 16.6 விழுக்காட்டினர்தான் என்பது. வெளியேற்றத்துக்கும் குரலுக்கும் நடுவில் மூன்றாவது நிலை ஒன்று இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து சந்தா தானாகப் போய்க்கொண்டிருக்கிறது; கூட்டத்துக்கு வருவதில்லை, வாக்களிப்பதில்லை, தேர்தல் நாளில் கதவு தட்டவும் வருவதில்லை. உறுப்பினர் பட்டியலை மட்டும் பார்க்கும் தலைமை, இவர்களைத் தன் ஆதரவாளர்களாக எண்ணிக்கொள்ளும். என் பார்வையில், ஆளும் கட்சிகள் செய்யும் மிகப் பெரிய தப்புக்கணக்கு இதுதான்.

பற்று எங்கே அறுந்துபோகிறது என்பதற்கும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. வரி, நலத்தொகை, ரயில் போன்றவற்றில் வரும் ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்பவர்கள், மனச்சான்றைத் தொடும் விவகாரங்களில் தாங்குவதில்லை. ஈராக் ஓர் எடுத்துக்காட்டு. 2023 இறுதியில் காஸா குறித்துத் தலைமை எடுத்த நிலைப்பாட்டால் உள்ளாட்சி உறுப்பினர்கள் பலர் விலகியதும், 2024இல் பெருவெற்றிக்கு நடுவிலும் லெஸ்டர் சவுத் போன்ற தொகுதிகளைச் சுயேச்சைகளிடம் கட்சி இழந்ததும் மற்றொன்று.

லண்டன் தமிழர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த உமா குமரன் 2024இல் ஸ்ட்ராட்ஃபர்ட் அண்ட் போ தொகுதியில் தொழிற்கட்சி சார்பில் வென்றார். இனப்பாகுபாட்டைத் தடுக்கும் 1965, 1968, 1976 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அக்கட்சியின் அரசுகளால் வந்தவை. குடியேறிய குடும்பங்களின் பற்றுக்கு அவை வலுவான அடித்தளம். ஆனால் அதே 1968இல், கென்யாவிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரைத் தடுக்கக் குடிவரவுச் சட்டத்தை அவசரமாக நிறைவேற்றியதும் அதே அரசுதான். 2025 நவம்பரில் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத், அகதிகள் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெறக் காத்திருக்க வேண்டிய காலத்தை ஐந்து ஆண்டுகளிலிருந்து இருபது ஆண்டுகளாக நீட்டும் திட்டத்தை முன்வைத்தபோது, அகதியாக வந்த தலைமுறையினரின் பிள்ளைகளான உறுப்பினர்கள் இதே கணக்கைத் தம் வீட்டிலும் போட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

கடைசியாக, பற்றின் விலை எப்போதும் ஒரே அளவில் நிற்பதில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். போக வேறு இடமில்லாதபோது தங்குவது எளிது. ஸாக் பொலான்ஸ்கி 2025 செப்டம்பரில் பசுமைக் கட்சியின் தலைவரான பின், அக்கட்சியின் உறுப்பினர் எண்ணிக்கை அக்டோபரிலேயே ஒரு லட்சத்தைத் தாண்டியது. இடப்பக்கத்து அதிருப்தியாளருக்கு 1983இல் இல்லாத ஒரு வாசல் அது. ஆனாலும் அதிக வாக்குப் பெற்றவரே வெல்லும் தேர்தல் முறை மாறவில்லை. 2024இல் 33.7 விழுக்காடு வாக்குக்கு 63 விழுக்காடு இடங்களைத் தொழிற்கட்சிக்கு அளித்தது அந்த முறையே. விலகுவோரைத் தண்டித்து உறுப்பினர்களைக் கட்சிக்குள் நிறுத்தி வைக்கும் இந்த முறையை மாற்றி, வாக்கு விகிதப்படி இடங்களைப் பங்கிடும் முறையைக் கொண்டுவர வேண்டும் என்று 2022இல் லிவர்பூலில் கூடிய மாநாட்டில் தீர்மானம் நிறைவேற்றியவர்கள் அதே உறுப்பினர்களும் தொழிற்சங்கங்களுமே. தலைமை அதை முன்னுரிமை இல்லாத விவகாரம் என்று ஒதுக்கியது. 2024 தேர்தல் அறிக்கையில் அது இடம்பெறவில்லை.